வண்ண நெகட்டிவைக் கேமராவில் பிடித்து நிறம் திருப்புவது எப்படி?

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர், சயான் பக்கத் தமிழ் வீடுகளில் பீரோவைத் திறந்தால், பட்டுப்புடவை அடுக்குக்கு அடியில் ஸ்டுடியோ பெயர் அச்சடித்த காகித உறைகள் இருக்கும். உள்ளே நாலு நாலாகவோ ஆறு ஆறாகவோ வெட்டிய நெகட்டிவ் துண்டுகள். 1980களின், 90களின் கல்யாணம், சீமந்தம், ஊர்ப்பயணம் எல்லாம் அதில்தான். ஆல்பத்து பிரிண்ட் இந்த ஊர் ஈரத்தில் பிளாஸ்டிக்கோடு ஒட்டிப் போயிருக்கும். நெகட்டிவ் பெரும்பாலும் அதைவிடத் தேவலாம் என்கிற நிலையில் இருக்கும். டிஜிட்டல் கேமராவும் மேக்ரோ லென்ஸும் இருந்தால் அதைப் படம் பிடித்து நேர்ப்படமாக்கிவிடலாம். படம் பிடிப்பது ஒரு மாலை வேலை. நிறம் திருப்புவதில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள்.

‘இன்வர்ட்’ அடித்தால் ஏன் நீலம் பாய்கிறது?

நெகட்டிவைப் பிடித்த படத்தை போட்டோஷாப்பில் திறந்து ‘இன்வர்ட்’ அடித்தால் நீலம் பாரித்த, சோகை பிடித்த ஒரு படம் வரும். ‘ஆட்டோ கலர்’ அடித்தால் முகம் ஓரளவு தேறும். நிழல் பச்சையாக நிற்கும், வெள்ளை வேட்டி ரோஸ் அடிக்கும். ஸ்லைடரை இழுத்து இழுத்து அந்த ஒரு படத்தைச் சரிக்கட்டலாம். அடுத்த படத்துக்கு மறுபடி முதலிலிருந்து.

வினை அந்த ஆரஞ்சில் இருக்கிறது. சி-41 முறையில் கழுவும் வண்ண ஃபிலிமில் மஞ்சள், மெஜந்தா, சயான் என்று மூன்று சாயங்கள். மெஜந்தா பச்சை ஒளியை மட்டும் தடுக்க வேண்டும். நிஜத்தில் நீலத்தையும் கொஞ்சம் தடுக்கிறது. சயான் சிவப்பை மட்டும் தடுக்க வேண்டும். அது பச்சையிலும் நீலத்திலும் கை வைக்கிறது. இந்தக் குறையை ஈடுகட்ட, சாயத்தை உண்டாக்கும் கப்ளர் என்ற வேதிப்பொருளுக்கே ஃபிலிம்காரர்கள் நிறம் கொடுத்துவிட்டார்கள். மெஜந்தா கப்ளர் மஞ்சளாக இருக்கும், சயான் கப்ளர் செந்நிறமாக இருக்கும். சாயம் உருவாகும் இடத்தில் கப்ளரின் நிறம் செலவாகிவிடும். சாயத்தின் வேண்டாத தடுப்பு எந்த அளவு கூடுகிறதோ அந்த அளவு கப்ளர் நிறம் குறையும். கூட்டிப் பார்த்தால் ஃபிலிம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவு. படத்தின் மேல் சீரான ஆரஞ்சுக் கண்ணாடி ஒன்றை வைத்த மாதிரிதான்.

கண்ணாடி ஒளியில் இத்தனை பங்கை விடும், இத்தனை பங்கைத் தடுக்கும். அது பெருக்கல் கணக்கு. பெருக்கலை நீக்க வகுக்க வேண்டும். ‘இன்வர்ட்’ செய்வதோ 255-இலிருந்து கழிப்பது. கழித்துவிட்டு எவ்வளவு சரிக்கட்டினாலும் நிழலில் ஒரு நிறமும் வெளிச்சத்தில் இன்னொரு நிறமும் மிஞ்சும்.

சரியான கணக்கு இது: நேர்ப்படம் = (அடிநிறம் ÷ நெகட்டிவ்) என்பதை ஓர் அடுக்குக்கு உயர்த்தியது. அடிநிறம் என்பது ஒளியே படாத வெற்று ஃபிலிமின் ஆரஞ்சு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சானலுக்கும் தனித்தனியாக, லீனியர் மதிப்புகளில் (ஒளி இரட்டித்தால் எண்ணும் இரட்டிக்கும் மதிப்புகள்) இதைச் செய்ய வேண்டும். அடுக்கு எதற்கென்றால், வண்ண நெகட்டிவ் வேண்டுமென்றே சப்பையான கான்ட்ராஸ்டில் செய்யப்படுவது. அதன் காமா, அதாவது கான்ட்ராஸ்டின் அளவு, சுமார் 0.6. காட்சியின் நிஜ ஏற்றத்தாழ்வு திரும்ப வர 1 ÷ 0.6, அதாவது 1.6 முதல் 1.7 வரை உயர்த்த வேண்டும்.

அடிநிறமும் அடுக்குகளும் ஃபிலிம் வகையையும், அது கழுவப்பட்ட விதத்தையும், இத்தனை வருஷம் கிடந்த கிடப்பையும் பொறுத்தவை. எனவே அவை ரோலுக்கு ஒன்று. ஒவ்வொரு படத்துக்கும் நிறம் தேடாதீர்கள். ரோலுக்கு ஒருமுறை கண்டுபிடித்து 36 படத்துக்கும் அதையே போடுங்கள். கீழே சொல்லும் ஏற்பாடுகள் எல்லாமே இதற்காகத்தான்.

(ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ கறுப்பு வெள்ளை ரோல் கையில் சிக்கினால் யோகம்: ஆரஞ்சே கிடையாது, ஒரே சானலில் வேலை முடிந்தது. ஸ்லைடு என்றால் அது ஏற்கெனவே நேர்ப்படம். இந்தக் கணக்கே தேவையில்லை.)

சாமான்கள்

35 மி.மீ. ஃபிலிமின் ஒரு படம் 24 × 36 மி.மீ. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் அது முழுதாக நிரம்ப 1:1 உருப்பெருக்கம் வேண்டும், சென்சார் சிறிதான ஏ.பி.எஸ்.-சி கேமராவுக்கு சுமார் 0.65 போதும். மேக்ரோ லென்ஸ் இல்லாவிட்டால் 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 32 மி.மீ. அளவுக்கு எக்ஸ்டென்ஷன் ட்யூப் போட்டால் ஏறக்குறைய அந்த 0.65 வந்துவிடும். மூலைகள் கொஞ்சம் மழுங்கும். பழைய 55 மி.மீ. மைக்ரோ நிக்கோர் தனியாக 1:2 வரைதான் போகும், 27.5 மி.மீ. ட்யூபோடு சேர்த்தால் 1:1. ஃபோர்ட்டில் போரா பஜார் கேமராக் கடைகளில் இந்த மாதிரிப் பழைய மேனுவல் லென்ஸ்களைக் கேட்டுப் பார்க்கலாம். ஆட்டோஃபோகஸ் இந்த வேலைக்கு வேண்டியதில்லை.

24 மெகாபிக்சல் கேமராவில் நீளவாக்கில் 6000 பிக்சல், 36 மி.மீ.க்கு அதைப் பிரித்தால் அங்குலத்துக்கு 4200 சொச்சம் வரும். கோடாக் கேபி10 மாதிரி சாதாரணக் கேமராவில் எடுத்த நெகட்டிவில் அதற்கு மேல் விவரம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. மெகாபிக்சலுக்காகப் புதுக் கேமரா வாங்க வேண்டாம். அந்தக் காசில் நல்ல விளக்கு வாங்கலாம்.

விளக்கில் கஞ்சத்தனம் கூடாது. சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 95-க்கு மேல், 5000 முதல் 5600 கெல்வின் வரை உள்ள எல்.இ.டி. வீடியோ பேனல் சரியான சாமான். லேமிங்டன் ரோட்டிலோ லோஹார் சாலிலோ விற்கும் சாதா எல்.இ.டி. பேனலில் சில அலைநீளங்களில் பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் விழுந்த நிறத்தை எந்த மென்பொருளும் எடுத்துத் தராது. மஞ்சள் குண்டு பல்பு அறவே வேண்டாம். ஃபிலிமின் ஆரஞ்சு ஏற்கெனவே நீலத்தைத் தின்கிறது. நீலமே குறைவாக உள்ள விளக்கு மிச்சத்தையும் தின்றுவிடும். மொபைல், டேப்லட் திரையைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அவசரத்துக்கு ஓடும், ஆனால் ஃபிலிமைத் திரையிலிருந்து தூக்கி வைக்காவிட்டால் பிக்சல் கட்டம் படத்தில் தெரியும்.

பேனலுக்கு மேல் 3 மி.மீ. பால்வெள்ளை அக்ரிலிக் தகடு. அதற்கு மேல் 2, 3 செ.மீ. இடைவெளி விட்டு ஃபிலிம். இடைவெளி இருந்தால் அக்ரிலிக்கில் உட்காரும் தூசி ஃபோகஸுக்கு வெளியே போய்விடும். ஃபிலிமைப் பிடிக்கக் கறுப்பு அட்டையில் 35 மி.மீ. அகலத் தடம் வெட்டி, நடுவில் 25 × 38 மி.மீ. ஜன்னல் விடுங்கள். ஜன்னல் படத்தைவிட ஒரு சுற்று பெரிதாக இருந்தால் இரு படங்களுக்கு இடையிலுள்ள வெற்று ஆரஞ்சுப் பட்டை தெரியும். அதுதான் அடிநிறம், நமக்குத் தேவை. பக்கத்துப் பல் ஓட்டைகளையும் மிச்சப் பேனலையும் கறுப்பு அட்டை மூடியிருக்க வேண்டும்.

கேமராவைக் கீழ்நோக்கிப் பிடிக்க நடுத்தண்டு திரும்பும் ட்ரைபாட் போதும். சோர் பஜாரில் பழைய என்லார்ஜரின் தூண் கிடைத்தால் விடாதீர்கள். அதைவிட ஆட்டமில்லாத ஸ்டாண்ட் புதிதாக வாங்கினால் பல மடங்கு விலை.

சுத்தம்

விலையுயர்ந்த ஃபிலிம் ஸ்கேனர்களில் அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டுபிடித்து அழிக்கும் வசதி உண்டு. கேமராவில் அது கிடையாது. ஃபிலிமில் விட்ட ஒவ்வொரு தூசியையும் பின்னால் வெள்ளைப் புள்ளியாக ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டிவரும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்க்கும்தான், ஆனால் விசிறி ஓடினால் தூசியும் பறக்கும், ஃபிலிம் துண்டும் துடிக்கும். பருத்திக் கையுறை போட்டு, துண்டை ஓரத்தில் பிடித்து, ரப்பர் ப்ளோயரால் இரண்டு பக்கமும் ஊதி, மென்மையான ஆன்டிஸ்டாட்டிக் பிரஷால் ஒரே திசையில் ஒரு இழுப்பு. வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி எமல்ஷனில் (படம் பதிந்திருக்கும் மங்கலான பூச்சு) நிரந்தர வட்டம் போட்டுவிடும். பளபளப்பான பக்கத்தில் விரல் ரேகை இருந்தால் 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த, பஞ்சு விடாத துணி. முதலில் படம் இல்லாத ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.

மும்பையில் பல உறைகளில் பூஞ்சை இருக்கும். சிலந்திவலை மாதிரி கிளைவிட்ட கோடுகள். தண்ணீர் படவே கூடாது. பூஞ்சை எமல்ஷனின் ஜெலட்டினைத் தின்று செரித்துவைத்திருக்கிறது. அந்த இடம் நீரில் கரைந்து படமே வழிந்துபோகும். உலர்ந்த பிரஷால் மேலோட்டமாகத் தட்டிவிட்டு அப்படியே பிடியுங்கள். பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிப்போன துண்டை இழுத்துப் பிரிக்க முயல வேண்டாம். உறை தெளிவாக இருந்தால் உறையோடு ஒரு படம் எடுத்துவிடுவது உத்தமம்.

சுருண்ட ஃபிலிமை இரண்டு சுத்தமான வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி ஒரு வாரம் விடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை இது சரிப்படாது. சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் வைத்தால்தான் நிமிரும்.

பிடிக்கும் விதம்

ஃபிலிமின் பளபளப்பான பக்கம் கேமராவைப் பார்க்கட்டும். ஓரத்து எழுத்துகள் நேராகப் படிக்க வந்தால் பக்கம் சரி. மங்கலான எமல்ஷன் பக்கம் மேலே இருந்தாலும் குடி முழுகாது, பிறகு இடம் வலம் திருப்பிக்கொள்ளலாம். மறந்தால் மாப்பிள்ளை இடது கையால் தாலி கட்டுவார்.

சென்சாரும் ஃபிலிமும் இணையாக இருக்க வேண்டும். 1:1-இல் எஃப் 8 வைத்தால் தெளிவு நிற்கும் ஆழம் தாராளமாகக் கணக்கிட்டாலே 1 மி.மீ.க்குள், கிரெயின் (ஃபிலிமில் மணல் மாதிரித் தெரியும் நுண்புள்ளிகள்) அளவுக்குக் கூர்மை வேண்டுமென்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு. ஸ்பிரிட் லெவலைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. ஃபிலிம் இருக்கும் இடத்தில் சின்னக் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடிதான், தட்டையாக வையுங்கள். வ்யூஃபைண்டரில் லென்ஸின் பிம்பம் தெரியும். அது சட்டத்தின் நட்டநடுவில் வரும்வரை கேமராவைச் சாயுங்கள். வந்துவிட்டால் இணை.

அப்பெர்ச்சர் எஃப் 5.6 முதல் 8 வரை. அதற்கு மேல் மூடினால் கூர்மை கூடும் என்று தோன்றும். 1:1-இல் எஃப் 8 என்பது நடைமுறையில் எஃப் 16 மாதிரி வேலை செய்வதால், சின்னத் துளையில் ஒளி பரவும் டிஃப்ராக்‌ஷன் படத்தை மழுக்கிவிடும். ஐ.எஸ்.ஓ. 100. ரா கோப்பு (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருப்பது) மட்டும். ஜேபெக்கில் கேமரா தன் வளைவைப் போட்டுவிடும், வகுத்தல் கணக்கு பொய்த்துப் போகும். லைவ் வ்யூவைப் பெரிதாக்கி, முகத்தின் மேலல்ல, ஃபிலிமின் கிரெயின் மேல் ஃபோகஸ் செய்யுங்கள். எடுத்தவனே ஃபோகஸ் தவறவிட்டிருக்கலாம். கிரெயின் பொய் சொல்லாது.

ஷட்டர் வேகத்தை அடிநிறம் சொல்லும். ரோலின் தலைப்பில் அல்லது படங்களுக்கு நடுவில் உள்ள வெற்று ஆரஞ்சைச் சட்டத்தில் நிறுத்தி, எந்தச் சானலும் உச்ச மதிப்பில் முட்டாத அளவுக்கு வெளிச்சத்தை ஏற்றுங்கள். முதலில் சிவப்புதான் முட்டும். ஃபிலிமில் எந்தப் படமும் வெற்று ஃபிலிமைவிட அதிக ஒளியை விட முடியாது. அடிநிறம் முட்டவில்லையென்றால் ரோலில் எதுவும் முட்டாது. இந்த வேகத்தை மேனுவலில் பூட்டிவிடுங்கள். படத்துக்குப் படம் வேகத்தை மாற்றினால் ‘ரோலுக்கு ஒரு கணக்கு’ அங்கேயே உடைந்துவிடும்.

விளக்கு துடித்தால் படத்தில் கிடைமட்டப் பட்டைகள் வரும், குறிப்பாக எலக்ட்ரானிக் ஷட்டரில். பேனலை முழு வெளிச்சத்தில் வைத்து ஷட்டரை 1/8 வினாடி அல்லது அதற்கும் மெதுவாக வையுங்கள். மெதுவான ஷட்டருக்கு அதிர்வு எதிரி: 2 வினாடி டைமர் அல்லது ரிமோட். ரயில் பாதையை ஒட்டிய கட்டடமென்றால் லோக்கல் கடக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். ஃபாஸ்ட் லோக்கல் போகும்போது லைவ் வ்யூவில் கிரெயின் நடுங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அறை இருட்டாக இருக்கட்டும். ஒவ்வொரு ரோலுக்கும் இரண்டு கூடுதல் படங்கள் கட்டாயம்: வெற்று ஆரஞ்சு ஒன்று, ஃபிலிமே இல்லாமல் விளக்கை மட்டும் பிடித்தது ஒன்று. விளக்குப் படத்துக்கு மட்டும் ஷட்டரை இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) வேகமாக்கிக்கொள்ளலாம்.

விளக்குப் படம் எதற்கு? லென்ஸும் பேனலும் மூலைகளில் 10 சதவீதம் மங்கலாக இருக்கிறது என்று வையுங்கள். நெகட்டிவில் மங்கல் என்றால் நேர்ப்படத்தில் வெளிச்சம். அடுக்கு 1.6 போட்டதும் அந்த 10 சதவீதம் 18 சதவீதமாக வீங்கி, நாலு மூலையும் பால் ஊற்றின மாதிரி வெளுத்து நிற்கும். ரா தெரப்பி என்ற மென்பொருளில் ‘ஃப்ளாட் ஃபீல்டு’ பகுதியில் இந்த விளக்குப் படத்தைக் கொடுத்தால் வகுத்துச் சரிசெய்துவிடும்.

திருப்புவது

மூன்று வழி சொல்கிறேன். டார்க்டேபிளும் ரா தெரப்பியும் இலவசம். லைட்ரூம் கிளாசிக் வைத்திருப்பவர்கள் நெகட்டிவ் லேப் ப்ரோ என்ற ப்ளக்-இன்னை வாங்குகிறார்கள். முதலில் ஆரஞ்சுப் பட்டையின் மேல் வைட் பேலன்ஸ் எடுத்துவிட்டு, கறுப்பு அட்டை ஓரம் உள்ளே வராமல் வெட்டி, மாற்று என்று சொன்னால் போதும். வேகமான வழி, காசு கேட்கும் வழி. என்ன நடக்கிறது என்று புரிய மற்ற இரண்டும்தான் நல்லது.

ரா தெரப்பியின் ‘ஃபிலிம் நெகட்டிவ்’ கருவி நாம் மேலே பார்த்த கணக்கை அப்படியே செய்கிறது. பச்சை சானலுக்கு ஓர் அடுக்கு, சிவப்புக்கும் நீலத்துக்கும் அதன் விகிதம். இரண்டு நடுநிலைப் புள்ளிகளைச் சொடுக்கினால் விகிதத்தை அதுவே கண்டுபிடிக்கும். உள்ளே நடப்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம்.

அடிநிறத்தை நெகட்டிவ் மதிப்பால் வகுத்ததும், வெளிச்சமான சாம்பல் ஓர் இடத்தில் சிவப்பு 3.0, பச்சை 3.5, நீலம் 3.7 வருகிறது, இருண்ட சாம்பல் இடத்தில் 1.30, 1.35, 1.37. சாம்பல் என்றால் மூன்றும் சமமாக இருக்க வேண்டும், இல்லை. லாகரிதம் எடுத்து இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசம் பார்த்தால் சிவப்பு 0.363, பச்சை 0.414, நீலம் 0.431. பச்சையை அளவாக வைத்து வகுத்தால் சிவப்பின் விகிதம் 1.14, நீலத்தின் விகிதம் 0.96. இப்போது 3.0-ஐ 1.14 அடுக்குக்கும் 3.7-ஐ 0.96 அடுக்குக்கும் உயர்த்திப் பாருங்கள்: இரண்டும் 3.5 பக்கம் வந்து பச்சையோடு சேர்ந்துவிடும். இருண்ட புள்ளியிலும் மூன்றும் 1.35. இதற்குப் பிறகு மொத்தத்துக்கும் 1.6 போட்டால் கான்ட்ராஸ்ட் வந்துவிடும். மிச்சமாக ஒரே சீரான சாயல் இருந்தால் அதை வைட் பேலன்ஸ் பார்த்துக்கொள்ளும்.

ஆக, எந்த இரண்டு புள்ளியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதில்தான் ரோலின் தலையெழுத்து. நல்ல வெளிச்சப் புள்ளி: பகலில் வெயிலில் நிற்கும் வெள்ளை வேட்டி, சிமெண்ட் தரை, சுண்ணாம்புச் சுவர். மணவறையில் உட்கார்ந்தவர் வேட்டி வேண்டாம். மஞ்சள் தோய்ந்திருக்கும், ஹோமப் புகையும் ஏறியிருக்கும். வெள்ளி, பித்தளைப் பாத்திரம் வேண்டாம், பக்கத்துப் புடவையின் நிறம் அதில் பிரதிபலிக்கும். நல்ல நிழல் புள்ளி: கறுப்புக் குடை, டயர், தார் ரோடு. பழைய மும்பைத் தெருப் படமென்றால் கறுப்பு மஞ்சள் டாக்சியின் கறுப்புப் பாதி கைகொடுக்கும். தலைமுடி நம்பகமில்லை, எண்ணெய் மினுக்கில் வானத்து நீலம் ஏறும். இரண்டு புள்ளியும் ஒரே ஒளியில் இருக்க வேண்டும், ஒன்று வெயிலிலும் மற்றது நிழலிலும் இருந்தால் கணக்கு வேறெங்கோ போய்விடும்.

டார்க்டேபிளில் கருவியின் பெயர் ‘நெகாடாக்டர்’. 2020-இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து உண்டு. முதலில் ஃபில்மிக், சிக்மாய்டு, பேஸ் கர்வ் இவற்றில் எது ஓடிக்கொண்டிருந்தாலும் அணைத்துவிடுங்கள், அவை நேர்ப்படத்துக்கானவை. விளக்கை மட்டும் பிடித்த படத்தில் வைட் பேலன்ஸ் எடுத்து எல்லாப் படத்துக்கும் அதையே வையுங்கள். பிறகு நெகாடாக்டரில் ஃபிலிம் அடிநிறத்தை ஆரஞ்சுப் பட்டையின் மேல் தேர்வுக்கருவியால் எடுங்கள். நெகட்டிவின் மிகக் கறுத்த இடத்தை அளக்கும் ‘டி மேக்ஸ்’ தேர்வை, அட்டை ஓரமும் பல் ஓட்டையும் சேராமல், படப்பகுதிக்குள் மட்டும் இழுங்கள். அடுத்து ஸ்கேன் எக்ஸ்போஷர் பயாஸ். இரண்டாவது தாவலில் முதலில் நிழலின் சாயல், அப்புறம் வெளிச்சத்தின் வைட் பேலன்ஸ். இந்த வரிசையை மாற்றாதீர்கள், நிழலைத் தொட்டால் வெளிச்சமும் நகரும். மூன்றாவது தாவல் பழைய இருட்டறைப் பேச்சு: காகிதக் கறுப்பு, காகித கிரேடு, பிரிண்ட் எக்ஸ்போஷர். கிரேடு ஏற்றினால் கான்ட்ராஸ்ட் ஏறும்.

ரோலில் நல்ல வெயிலில் எடுத்த ஒரு படத்தைத் தேர்ந்து அதில் இதையெல்லாம் முடித்துவிட்டு, அமைப்புகளை மொத்த ரோலுக்கும் ஒட்டுங்கள். பிறகு படத்துக்குப் படம் தொட வேண்டியது பிரிண்ட் எக்ஸ்போஷர் மட்டுமே. பழைய லேப்காரர்களும் பேப்பருக்கு இப்படித்தான் ஒரு ஃபில்டர் கணக்கை நிலைநிறுத்திக்கொண்டு ஓட்டினார்கள்.

கோளாறும் காரணமும்

படம் முழுக்க ஒரே சாயல் என்றால் கவலையில்லை, வைட் பேலன்ஸ் நகர்த்தினால் போய்விடும். நிழலில் ஒரு நிறம், வெளிச்சத்தில் அதன் எதிர்நிறம் என்றால் அடுக்கு தப்பு. நிழல் நீலம், வெளிச்சம் மஞ்சள்: நீலத்தின் அடுக்கைக் கூட்டுங்கள். நிழல் சிவப்பு, வெளிச்சம் சயான்: சிவப்பைக் கூட்டுங்கள். நிழல் பச்சை, வெளிச்சம் மெஜந்தா: பச்சை போதவில்லை, ரா தெரப்பியில் பச்சைதான் அளவுகோல் என்பதால் சிவப்பு, நீலம் இரண்டின் விகிதத்தையும் குறையுங்கள். பழைய ரோல்களில் மூன்று சாயங்களும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை, விகிதம் 1.3 வரை போனாலும் மிரள வேண்டாம்.

வெள்ளைகள் சாம்பலாகி, மேகமும் வேட்டியும் தட்டையாக நிற்கிறதா? கசிவு ஒளி. நெகட்டிவில் கன்னங்கரேலென்று இருக்கும் இடம்தான் நேர்ப்படத்தின் வெள்ளை. ஓரத்திலிருந்து கசியும் சொட்டு வெளிச்சமும் அந்தக் கறுப்பைக் கெடுத்துவிடும். பல் ஓட்டைகளை மூடுங்கள், அறை விளக்கை அணையுங்கள், கேமராவின் பளபளப்பான பெல்ட் வளையம் ஃபிலிமில் பிரதிபலிக்கிறதா என்றும் பாருங்கள்.

எண்ணெய்ப் படலம் மாதிரி வானவில் வளையங்கள் தெரிந்தால், ஃபிலிமை அமுக்க வைத்த சாதாக் கண்ணாடி பளபளப்பான பக்கத்தைத் தொடுகிறது. கண்ணாடியை எடுத்துவிடுங்கள். அமுக்கியே ஆகவேண்டுமென்றால் எமல்ஷன் பக்கம் மட்டும் தொடட்டும்.

கல்யாண மண்டபப் படங்களுக்குத் தனிப் பாடு. முன்னால் நிற்பவர்கள் மேல் ஃப்ளாஷ், பின்னால் ட்யூப்லைட், ஓரத்தில் வீடியோக்காரரின் ஹாலோஜன். ஃப்ளாஷ் விழுந்த முகத்தைச் சரிசெய்தால் பின்சுவர் பச்சையாகும். சுவரைச் சரிசெய்தால் மாமியார் முகம் ரோஸாகும். முகத்துக்குச் சரிசெய்துவிட்டுச் சுவரை விட்டுவிடுங்கள். அன்றைக்கு பிரிண்டிலும் அது பச்சையாகத்தான் இருந்தது. வெயிலில் எடுத்த படத்தின் அடுக்குகளை இந்த ரோலுக்கும் பயன்படுத்தலாம், ஃபிலிம் வகையும் காலமும் ஒன்றாக இருந்தால். ஓரத்தில் அச்சிட்ட பெயரைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

நெகட்டிவே வெளிறி, ஏறக்குறைய வெற்று ஃபிலிம் மாதிரி இருந்தால் அது வெளிச்சம் போதாமல் எடுத்தது. நிழலில் விவரம் பதிவாகவே இல்லை. ஏற்றினால் சேறுதான் வரும். கறுப்பைக் கறுப்பாகவே விட்டுவிட்டு முகங்களை மட்டும் காப்பாற்றுங்கள். நெகட்டிவ் கருகருவென்றிருந்தால் பயமில்லை, ஷட்டர் நேரத்தைக் கூட்டி இன்னொரு தடவை பிடிக்கலாம். அந்தப் படம் மட்டும் ரோல் கணக்குக்கு வெளியே நிற்கும். எத்தனை ஸ்டாப் கூட்டினீர்கள் என்று குறித்துவைத்து மென்பொருளில் அதே அளவு குறைத்துவிட்டால் திரும்ப உள்ளே வந்துவிடும்.

பத்திரப்படுத்த

24 மெகாபிக்சலில் 16 பிட் டிஃப் (சுருக்காத படக்கோப்பு) ஒன்று சுமார் 144 எம்.பி. எல்லாவற்றையும் அப்படி வைப்பது வட்டுக்குத் தண்டம். ரா கோப்பு, அமைப்புக் கோப்பு, உயர்தர ஜேபெக் போதும். சட்டம் போட்டு மாட்டப்போகும் படத்துக்கு மட்டும் டிஃப். ரோலின் இரண்டு கூடுதல் படங்களையும் அழித்துவிடாதீர்கள். கோப்புப் பெயரில் ஃபிலிம் ஓரத்து எண்ணையே போடுங்கள், 12, 12ஏ என்று இருக்கும்; அப்போதுதான் பின்னால் துண்டைத் தேடி எடுக்க முடியும்.

நெகட்டிவைப் பழைய உறைக்குள் திரும்பத் திணிக்க வேண்டாம். பாலிப்ரொப்பிலீன் உறை வாங்குங்கள். மெத்தென்று பிளாஸ்டிக் வாடை அடிக்கும் பி.வி.சி. உறை கூடாது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை ஜெல்லின் நிறம் பாருங்கள். நீலமாக இருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் உப்பு உண்டு. காயவைக்கும்போது தோசைக்கல்லையோ வாணலியையோ எடுக்காமல், அதற்கென்று தனியாக ஒரு பழைய தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.